450 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? புதுச்சேரி கார்டு விளையாட்டுக் கடை ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி

புதுச்சேரி நகருக்குள், நேரு வீதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், முதல் மாடியில் இயங்கும் ஒரு கார்டு விளையாட்டுக் கடையைப் பற்றியும், அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் போக்கிமான் போட்டியின் நுழைவுக் கட்டணத்தைப் பற்றியும் எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கே விளையாடுகிறவர்களுக்கு எந்தக் கடை என்று சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு இதிலுள்ள கணக்கு எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் நல்ல இடம், போட்டி ஒழுங்காக நடக்கிறது, நடுவர் விஷயம் தெரிந்தவர். ஆனால் 200 ரூபாயாக இருந்த கட்டணம் 300 ஆகி, இப்போது 450 ரூபாயில் வந்து நிற்கிறது. அந்தப் பணம் எதெதற்குப் போகிறது என்பது கடையில் எங்கும் எழுதப்படவில்லை. கட்டணம் ஏறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, அவற்றையும் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன். கணக்கைக் காட்டாமல் ஏற்றியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த விளையாட்டுகளுக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர் உருவாக்கி 1993-இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் என்ற விளையாட்டோடு இந்த வகை தொடங்குகிறது. 1996-இல் ஜப்பானில் போக்கிமான் கார்டு விளையாட்டு வந்தது. எந்தக் கார்டு உள்ளே இருக்கிறது என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட்டுகளை வாங்கிச் சேர்த்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு டெக் கட்டி, அதைக் கொண்டு எதிராளியோடு மோதுவதுதான் ஆட்டம். போக்கிமானில் டெக் என்பது சரியாக 60 கார்டுகள். பாக்கெட்டில் நல்ல கார்டு வருவது அதிர்ஷ்டம் என்றாலும், டெக்கைக் கட்டுவதும் ஆடுவதும் திறமை. அந்தத் திறமையைச் சோதித்துப் பார்க்க எதிரே ஆள் வேண்டும். அதனால்தான் கடைகளில் நடக்கும் போட்டிகளை நம்பி இந்தப் பொழுதுபோக்கு உயிர் வாழ்கிறது. கடலூர், புதுச்சேரி போன்ற ஊர்களில் இப்படி மேசை போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று கிடைப்பதே அரிது என்பதால், அந்தக் கடை நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.

முதலில் நல்லவற்றைச் சொல்ல வேண்டும். மாடிக்கு ஏறும் படி குறுகலானது என்றாலும் மேலே உள்ள அறை விசாலமானது. இரண்டு பேருக்கு ஒரு மேசை என்ற கணக்கில், கார்டுகளைப் பரப்பி வைத்தாலும் பக்கத்து ஆட்டத்தோடு இடித்துக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் மேலிருந்து நேராக விழுவதால் பளபளப்பான கார்டுகளில் கண் கூசுவதில்லை. அறை முழுக்க ஏசி. ஏசி என்றதும் அது வெறும் சொகுசு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்களே என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். கடற்கரை ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லலாகாது. ஃபாயில் எனப்படும் பளபளப்புப் பூச்சுள்ள கார்டுகளில் ஒரு பக்கம் மெல்லிய உலோகப் படலமும் மறு பக்கம் காகிதமும் இருக்கின்றன. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், படலம் விரியாது. அதனால் கார்டு வளைந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு ஃபாயில் கார்டைத் திறந்த மேசையில் விட்டுவைத்தால் அது எப்படி வளையும் என்பதைச் சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆகவே ஏசிக்கான செலவைக் கட்டணத்தில் சேர்ப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

நடுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடுதல் கட்டணத்துக்கு ஈடாக நாம் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே பெரிய மாற்றம் அவர்தான். முன்பு கடைக்காரரே கல்லாவையும் பார்த்துக்கொண்டு, விதி பற்றிய சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இப்போது விளையாட்டை நன்கு அறிந்த ஒருவரை அதற்கென்றே அமர்த்தியிருக்கிறார்கள். கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளி மாணவனின் டெக்கை அவர் சோதித்ததை அருகிலிருந்து பார்த்தேன். டெக்கைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் பார்த்தார். நான்கு கார்டுகள் மட்டும் லேசாக வில்போல வளைந்து, அடுக்கில் மெல்லிய இடைவெளி காட்டின. நான்கும் ஒரே பெயருள்ள ஃபாயில் கார்டுகள். குலுக்கும்போதோ வெட்டும்போதோ அந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அது அடையாளமிட்ட கார்டாகக் கருதப்படும், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் தண்டனை உண்டு. அவர் பையனை மிரட்டவில்லை. "தப்பு உன்னுது இல்ல தம்பி, ஆனா இதோட ஆட முடியாது" என்று சொல்லிவிட்டு, கடையின் பெட்டியிலிருந்து அதே கார்டின் பூச்சில்லாத பிரதிகள் நான்கை எடுத்து, போட்டி முடியும்வரை இரவலாகக் கொடுத்தார். ஸ்லீவ் எனப்படும் கார்டு உறைகள் பழசாக இருந்ததால் அவற்றையும் மாற்றச் சொன்னார். எல்லாம் முடிந்தபோது சுற்று தொடங்கும் நேரம் ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை. இப்படிப்பட்ட நடுவருக்கு ஊதியம் கொடுக்கத்தான் வேண்டும், அந்த ஊதியம் நம் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும்.

இனி கணக்குக்கு வருகிறேன். வழக்கமாக 16 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவரும் வெளியேறாமல், ஏறக்குறைய தம் அளவுக்கே வென்றவரோடு அடுத்த சுற்றில் மோதும் சுவிஸ் முறையில் 16 பேருக்கு நான்கு சுற்று போதும். நான்காவது சுற்றின் முடிவில் எல்லாச் சுற்றையும் வென்றவர் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது. இந்தக் கடையில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவருக்கு வெற்றி. கட்டணம் 200 ரூபாயாக இருந்தபோது மொத்த வசூல் 3,200 ரூபாய். பரிசாக 8 பூஸ்டர் பாக்கெட் கொடுத்தார்கள். அப்போது அந்தக் கடையில் ஒரு பாக்கெட்டின் விலை 320 ரூபாய் என்பதால் பரிசின் மதிப்பு 2,560 ரூபாய். அதாவது நாம் கட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் 80 ரூபாய் ஆட்டக்காரர்களுக்கே திரும்பியது, 640 ரூபாய் கடைக்கு மிஞ்சியது. இப்போது 450 ரூபாய் வீதம் வசூல் 7,200 ரூபாய். பரிசு 10 பாக்கெட், ஒரு பாக்கெட் 380 ரூபாய், ஆக 3,800 ரூபாய். ஒவ்வொரு 100 ரூபாயிலும் திரும்புவது ஏறக்குறைய 53 ரூபாய். மிச்சம் 3,400 ரூபாய். பாக்கெட்டைக் கடை மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறை விலையில் கணக்கிடுவதால் கிடைக்கும் லாபம் இதில் சேரவில்லை. அது வியாபாரம், அதைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

இதையே தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பாக்கெட் விலை 60 ரூபாய் ஏறியதால் பழைய 8 பாக்கெட்டுக்கு ஆன கூடுதல் செலவு 480 ரூபாய், 16 பேரில் பங்கிட்டால் தலைக்கு 30 ரூபாய். பரிசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பாக்கெட்டுக்கு 760 ரூபாய், தலைக்கு 47 ரூபாய் 50 காசு. பழைய கட்டணத்தோடு இவற்றைக் கூட்டினால் 277 ரூபாய் 50 காசு. மீதமுள்ள 172 ரூபாய் 50 காசு நடுவர், வாடகை, மின்சாரம் ஆகியவற்றுக்கான உயர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது நியாயமான தொகையாகவே இருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏசி அறையும் நல்ல நடுவரும் கிடைப்பதற்கு நான் அதை மனமுவந்து கொடுப்பேன். ஆனால் இந்தக் கணக்கை நான் என் நோட்டில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டபோது, "எல்லா விலையும் ஏறிப்போச்சு, நான் என்ன பண்றது" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

எல்லா விலையும் ஏறியது உண்மைதான் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் போக்கிமான் பூஸ்டர் பாக்கெட்டின் பரிந்துரை விலை 2023-இல் ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையோடு 3.99 டாலரிலிருந்து 4.49 டாலருக்கு உயர்ந்தது. 2025 ஜனவரியில் பிரிஸ்மாட்டிக் எவொல்யூஷன்ஸ் என்ற போக்கிமான் தொகுப்பு வெளிவந்தபோது உலகம் முழுவதும் தட்டுப்பாடு ஏற்பட்டது. தங்களால் இயன்ற உச்ச அளவில் அச்சடித்துக்கொண்டிருப்பதாக நிறுவனமே அறிக்கை விட வேண்டியிருந்தது. வாங்கி அடுக்கி வைத்து அதிக விலைக்கு விற்பவர்கள் ஒரு பக்கம், கிடைக்காத ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் என்றானபோது, சிறிய ஊர்க் கடைகளுக்கு வரும் பெட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. டாலர் மதிப்பும் இறக்குமதிச் செலவும் நம் கடைக்காரரின் கையில் இல்லை. அவர்மேல் இந்தப் பழியைப் போடுவது தவறு. ஆனால் மேலே கண்டபடி, பாக்கெட் விலை ஏற்றம் விளக்குவது 250 ரூபாய் உயர்வில் 30 ரூபாயை மட்டுமே. விலையேற்றத்தைச் சொல்லி முழு உயர்வையும் நியாயப்படுத்த முடியாது.

எனக்குக் கட்டணத்தைவிட அதிகக் கவலை தருவது பரிசு பிரிக்கப்படும் விதம். முன்பு 8 பாக்கெட்டில் முதல் பரிசுக்கு 3, இரண்டாவதற்கு 2, மூன்றாம் நான்காம் இடத்துக்கு ஒவ்வொன்று, மீதி ஒன்றை மற்ற 12 பேரின் பெயரைக் குலுக்கிப் போட்டு ஒருவருக்குக் கொடுப்பார்கள். இப்போது முதல் பரிசுக்கு 5, இரண்டாவதற்கு 3, அடுத்த இருவருக்கும் ஒவ்வொன்று, குலுக்கல் நின்றுவிட்டது. முன்பு மூன்றாம் இடம் பிடித்தவர் 200 ரூபாய் கட்டி 320 ரூபாய் மதிப்புள்ள பாக்கெட்டோடு போனார். இன்று அதே மூன்றாம் இடம் பிடித்தவர் 450 ரூபாய் கட்டி 380 ரூபாய் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, 70 ரூபாய் நட்டத்தில் படியிறங்குகிறார். 16 பேரில் மூன்றாவதாக வந்தவருக்கே இந்த நிலை என்றால், புதிதாகக் கற்றுக்கொண்டு இரண்டு சுற்று தோற்று இரண்டு சுற்று வெல்லும் பையனுக்கு அந்தப் பிற்பகலில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வெல்பவர்கள் பெரும்பாலும் அதே நான்கைந்து பேர். அவர்கள் உழைத்துக் கற்றவர்கள், அவர்கள் வெல்வது நியாயம். ஆனால் மற்ற பன்னிரண்டு பேர் வராவிட்டால் அவர்கள் வெல்வதற்குப் போட்டியே இருக்காது. சமீப காலமாக 16 பேர் என்பது குறைந்து, சில வாரங்களில் பத்து பேரோடு நடக்கிறது. வராமல் போனவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்.

இதே கடையில் மாதம் ஒருமுறை மேஜிக் டிராஃப்ட் நடக்கிறது. அதன் கட்டணம் 1,800 ரூபாய். போக்கிமான் கட்டணத்தைப்போல் நான்கு மடங்கு. ஆனாலும் அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, யாரும் குறை சொல்லிக் கேட்டதும் இல்லை. காரணம் எளியது. டிராஃப்ட்டில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பாக்கெட் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ளி, கையில் சேர்ந்ததைக் கொண்டு 40 கார்டு டெக் கட்டி ஆடுகிறோம். எடுத்த கார்டுகள் நமக்கே. கடையில் ஒரு மேஜிக் பாக்கெட் 520 ரூபாய், மூன்று பாக்கெட் 1,560 ரூபாய், மீதி 240 ரூபாய். எட்டுப் பேரின் 240 ரூபாய் சேர்ந்தால் 1,920. அதில் மூன்று பாக்கெட் பரிசுக்கு, மிச்சம் 360 ரூபாய் இடத்துக்கு. இந்தக் கணக்கை நான் ஊகிக்கவில்லை. சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் கடைக்காரரே தம் கையால் எழுதி வைக்கிறார். ஃபைனல் ஃபேன்டஸி தொகுப்பு 2025 ஜூனில் வந்தபோது அதன் பாக்கெட்டுக்கு நிறுவனமே வழக்கமான 5.49 டாலருக்குப் பதில் 6.99 டாலர் என்று விலை வைத்தது. அந்த மாதம் டிராஃப்ட் கட்டணம் 2,250 ரூபாய் ஆனது. பலகையில் பாக்கெட் விலை 660 என்று எழுதியிருந்தது, மூன்றால் பெருக்கிப் பார்த்தோம், சரியாக இருந்தது, கட்டினோம். ஒரே கடை, ஒரே கடைக்காரர், ஒரே பலகை. மாதத்தில் ஒரு ஞாயிறு செய்வதை மற்ற ஞாயிறுகளில் ஏன் செய்யக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

இது கடைக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி என்றும் நான் கருதவில்லை. தமிழ்நாட்டில் எந்த மாவட்டச் சதுரங்கப் போட்டியை எடுத்துக்கொண்டாலும், அறிவிப்புத் தாளிலேயே நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு, எந்தெந்த வயதுப் பிரிவுக்கு எத்தனை கோப்பை என்று அச்சிட்டுவிடுகிறார்கள். பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோர் அதைப் படித்துப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்திய மாநிலத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு, போட்டி நடத்தும் முறைக்கு நாம் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தக் கடையிலோ ஞாயிறு மாலை நான்காம் சுற்று முடிந்த பிறகுதான் இன்றைக்குப் பரிசு எத்தனை பாக்கெட் என்பது தெரிகிறது. ஆள் குறைந்தால் பரிசும் குறைகிறது, அது இயல்பு. எத்தனை பேர் வந்தால் எத்தனை பாக்கெட் என்ற பட்டியல் முன்கூட்டியே இருந்தால் ஒருவருக்கும் மனக்கசப்பு வராது.

பெற்றோரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனைக் கொண்டுவந்து விட்ட தந்தை ஒருவர் கல்லாவில் நின்று, "பணம் கட்டிச் சீட்டு ஆடுறது, ஜெயிச்சா பரிசு. இதுக்குப் பேரு என்னங்க?" என்று அமைதியாகவே கேட்டார். கடைப் பையன் பதில் சொல்லத் திணறினான். கேள்வி தகுதியானது. மேஜிக் விளையாட்டின் 1993-ஆம் ஆண்டு விதிகளிலேயே, ஆளுக்கொரு கார்டைப் பந்தயமாக வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. சூதாட்டச் சாயல் இருக்கிறது என்பதால் அதைக் கைவிட்டார்கள், பந்தயம் பற்றிய கார்டுகளைப் போட்டிகளில் தடை செய்துவிட்டார்கள். இன்றைய போட்டி விதிகளில் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டுவதும், காசைச் சுண்டி வெற்றியைத் தீர்மானிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். நம் நாட்டில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் சொன்னது. அதே தீர்ப்பில், பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் லாபம் பார்த்தால் குற்றம் நிலைநிறுத்தப்படலாம் என்றும் சொன்னது. பாக்கெட் பரிசு கொடுக்கும் ஒரு சிறு கடையின் போட்டியை அதோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. ஆனால் கட்டணம் மேலே போய், பரிசு ஒரே ஆளிடம் குவிந்து, நடுவிலுள்ள தொகைக்குக் கணக்கும் இல்லாமல் போனால், அந்தத் தந்தையின் கேள்விக்குப் பதில் சொல்வது ஒவ்வொரு வாரமும் கடினமாகிக்கொண்டே போகும். மேசைக்கு இவ்வளவு, நடுவருக்கு இவ்வளவு, பரிசுக்கு இவ்வளவு என்று பலகையில் இருந்தால் கடைப் பையன் அதைக் காட்டியிருப்பான்.

சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே கட்டணம் என்பதும் சரியாகப் படவில்லை. போக்கிமானின் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று வயதை வைத்து மூன்று பிரிவுகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற கடைகளுக்குப் பரிசுப் பாக்கெட்டுகளை நிறுவனமே அனுப்புவதும் உண்டு. நான் பேசும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி கடையின் சொந்த ஏற்பாடு என்பதால் அப்படி எதுவும் வருவதில்லை, பிரிவுகளும் இல்லை. ஆள் குறைவாக இருப்பதால் தனித்தனியாக ஆடவைக்க முடியாது என்பது புரிகிறது. சேர்ந்தே ஆடட்டும், பள்ளி மாணவருக்குக் கட்டணத்தைப் பாதியாக்கி, பரிசுக்குப் பதிலாக ஒரே ஒரு பாக்கெட்டை அவர்களில் முதலாவதாக வருபவருக்குக் கொடுக்கலாம்.

பணம் வாங்கும் முறையில் சில குறைகள் உண்டு. சனிக்கிழமை இரவுக்குள் யுபிஐ மூலம் கட்டிப் பெயரைப் பதிவு செய்யாவிட்டால் வாசலில் 50 ரூபாய் கூடுதல். உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிதல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் வருகிறவர்கள் பஸ்ஸில் 20 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். கிருமாம்பாக்கமும் தவளக்குப்பமும் தாண்டி, அரியாங்குப்பத்து நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று சனிக்கிழமை இரவே சொல்ல முடியாது. முதல் சுற்றுக்குப் பிந்தினால் அந்தச் சுற்று தோல்வியாகவே பதிவாகும், பணம் திரும்பாது. இன்னொரு பக்கம், வடகிழக்குப் பருவமழையில் போட்டியையே நிறுத்த நேர்ந்தபோது கேட்காமலே எல்லோருக்கும் முழுப் பணத்தையும் அன்றே திருப்பி அனுப்பினார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பாக்கெட் இருப்பில் இல்லாத வாரங்களில் பரிசுக்குப் பதில் கடைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த வரவைக் கொண்டு ஸ்லீவ், டெக் பெட்டி, தனிக் கார்டு வாங்கலாம், புதிதாக வந்த பூஸ்டர் பாக்கெட் வாங்க முடியாது. பாக்கெட்டுக்காக ஆடி வென்றவருக்குப் பாக்கெட் வாங்க உதவாத வரவு எதற்கு? இந்த ஒரு விதியையாவது உடனே நீக்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கு வெளியே உள்ள செலவையும் மறந்துவிடக் கூடாது. போக்கிமானின் ஸ்டாண்டர்டு முறையில் பழைய கார்டுகள் ஆண்டுதோறும் விலக்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் எஃப் என்ற எழுத்துக் குறி அச்சிட்ட கார்டுகள் அப்படி விலகின. பலருடைய டெக் ஒரே நாளில் பாதி காலியானது. ஸ்லீவ்கள் கடலோர வியர்வையில் சீக்கிரம் பிசுபிசுத்துப்போகும், மாற்றித்தான் ஆக வேண்டும். இவற்றோடு பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும். இப்படி ஏற்கெனவே செலவழித்துவிட்டு வருகிறவரிடம்தான் 450 ரூபாய் கேட்கிறோம். வீட்டிலிருந்தபடியே போனில் இலவசமாக ஆட 2023 முதல் போக்கிமான் டிசிஜி லைவ் என்ற செயலி இருக்கிறது. அதில் கார்டு வளையாது, பஸ்ஸும் பிடிக்க வேண்டாம். ஆனாலும் படியேறி வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் முகத்தைப் பார்த்து ஆடுவதற்காகவும், ஆட்டம் முடிந்து "அந்த இடத்துல நீங்க வேற கார்டு போட்டிருக்கலாம் அண்ணா" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் சொல்வதைக் கேட்பதற்காகவும் வருகிறார்கள். அவர்களைக் கட்டணத்தால் இழந்துவிட்டால் பிறகு சலுகை அறிவித்தாலும் திரும்ப அழைத்துவருவது எளிதல்ல.

கடைக்காரரிடம் நேரில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது பரிசே இல்லாத, நடுவரும் இடமும் மட்டும் உள்ள 170 ரூபாய்ப் போட்டி ஒன்றை நடத்திப் பார்க்கலாம். மேலே போட்ட கணக்கின்படி, நடுவருக்கும் இடத்துக்கும் அண்மையில் ஏற்றிய தொகை ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய 640 ரூபாயில் தலைக்கு 40 ரூபாயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கடை நினைத்தால் 210 ரூபாய் என்று வைக்கட்டும், அதுவும் 450-இல் பாதிக்கும் குறைவு. பயிற்சிக்காக வருகிறவர்கள், மாணவர்கள், புதியவர்கள் அதற்கு வருவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற ஞாயிறுகளில் பெரிய பரிசுக்காக ஆட விரும்புகிறவர்கள் 450 ரூபாய் கட்டி ஆடட்டும். அவர் "பார்க்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான், தாம் விரும்பும் விளையாட்டுக்காக நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் தொடங்கியவர் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போதைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மேஜிக் ஆடுகிறவர்கள் டிராஃப்ட்டுக்குத் தயங்காமல் போகலாம்; கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கார்டுகள் கைக்கு வந்துவிடும். போக்கிமானில் முதல் இரண்டு இடத்துக்கு வரக்கூடியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி இன்றும் லாபகரமானது. புதியவர்களும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் சனிக்கிழமை மாலையில் போங்கள். அன்று போட்டி இல்லை, மேசைக்கு 50 ரூபாய் மட்டும், கடை மூடும்வரை எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம், டெக் இல்லாதவர்களுக்குக் கடையே பழகுவதற்கு டெக் தருகிறது. அந்த நடுவரும் பெரும்பாலான சனிக்கிழமைகளில் அங்கேதான் இருப்பார். சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.